அரிசிம்பருப்பை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எனக்கு 39 வயது. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 157 செ.மீ., எடை 58 கிலோ. இரண்டு வருடமாக ரேஸ் கோர்ஸில் ஓடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் 8 கி.மீ., ஞாயிறன்று 14, 15 கி.மீ. டிசம்பரில் நடக்கும் கோவை மாரத்தானில் முதல்முறையாக 21 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஐந்து மாதத்துக்கு முன்பு அரிசியை நிறுத்திவிட்டேன். முதல் மாதமே 3 கிலோ குறைந்தது. அதற்கப்புறம் முள் அசையவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் 12 கி.மீ. தாண்டியதும் கால் இரும்பாகக் கனக்கிறது. மூன்று மணிக்கு ஆபீஸில் கண் சொக்குகிறது. முடி கொத்தாக வருகிறது.

காலை 4.30-க்கு எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர். ஓடிவிட்டு வந்து 7.30-க்குப் பால் ஊற்றிய ஓட்ஸ், சியா விதை, ஐந்து பாதாம். 11 மணிக்கு கிரீன் டீ. மதியம் இரண்டு சப்பாத்தி, ஒரு கரண்டி சாம்பார், பொரியல், வெள்ளரிக்காய். சாப்பிட்ட கையோடு இன்னொரு கிரீன் டீ. சாயங்காலம் சர்க்கரை போடாத காபி, ஒரு கொய்யா. இரவில் சூப், சாலட். ரொம்பப் பசித்தால் ஒரு கம்பு தோசை. நான் சைவம். முட்டை சாப்பிடுவேன், ஆனால் வீட்டில் சமைக்க முடியாது.

அக்கா மகன் ஜிம் போகிறவன், புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறான். மாமியார் தினமும், “சோத்தத் திங்காம ஓடுனா எப்படி அம்மிணி?” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அரிசியைத் தொடாமல் 21 கி.மீ. ஓடவே முடியாதா?

இதைச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. கடைசி இரண்டு முறையும் மாதவிலக்கு 45 நாள் கழித்துத்தான் வந்தது.

பதில்: வணக்கம். தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதினீர்களே ஒரு வரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு சரியாக வந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டு முறை தொடர்ந்து 45 நாள் என்றால் இந்த வாரமே ஒரு பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். தைராய்டு, நீர்க்கட்டி, மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றம், ஏன், கர்ப்பமாகவும் இருக்கலாம். கடிதத்தைப் படித்துவிட்டு இதுதான் என்று சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனால் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிடுவதில் பெரும்பங்கு ஓட்டத்துக்கே போய்விட்டால், மிச்சத்தை வைத்துக்கொண்டு எதை நடத்துவது, எதை ஒத்திப்போடுவது என்று உடம்பு பார்க்கும். இதயத்தை ஒத்திப்போட முடியாது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிவைக்கலாம், முடியைக் கைவிடலாம், எலும்பைப் புதுப்பிக்கும் வேலையை மெதுவாக்கலாம். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த நிலைக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தது. விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை என்று தமிழில் சொல்லலாம். ஒலிம்பிக் போகிறவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. ரேஸ் கோர்ஸைச் சுற்றுகிறவர்களுக்கும் வரும். எலும்பு விஷயம்தான் இதில் எனக்குப் பெரிய கவலை. முடி கண்ணுக்குத் தெரிந்து கொட்டுகிறது, எலும்பு அப்படியில்லை. திடீரென்று ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே வலிக்கும், படம் எடுத்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரியும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், அதனால் வரவு செலவாகவே பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டினால் 1,050 கலோரிக்குப் பக்கத்தில் வருகிறது. எழுதும்போது எல்லாருமே கொஞ்சம் மறப்போம். ஆபீஸில் யாரோ நீட்டிய மைசூர்பா, பொரியல் தாளித்த எண்ணெய், ருசி பார்த்த ஒரு வாய். அதற்காக 200 சேர்த்து 1,250 என்று வைத்துக்கொள்வோம். செலவுப் பக்கம் வாருங்கள். ஓட்டத்துக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு: உங்கள் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி. 58 கிலோ, 8 கி.மீ. என்றால் 460. மீதி 790. நாள் முழுக்கக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாலே உங்கள் வயதுக்கும் எடைக்கும் சுமார் 1,200 கலோரி வேண்டும். நீங்கள் ஆபீஸ் போகிறீர்கள், வீட்டு வேலையும் செய்கிறீர்கள். 55 கிலோ எடையுள்ள, ஓரளவு உடலுழைப்பு இருக்கிற பெண்ணுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு 2,130. மாதக் கடைசியில் இப்படி ஒரு ஏட்டை உங்கள் மேஜையில் வைத்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

அப்படியானால் எடை ஏன் குறையவில்லை என்று கேட்பீர்கள். முதல் மாதத்தில் போன 3 கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைத்திருக்கும். அரிசியை நிறுத்தியதும் இருப்புக் குறைகிறது, தண்ணீரும் இறங்குகிறது, தராசு முள்ளும் இறங்குகிறது. நமக்கோ கொழுப்புக் கரைந்துவிட்டதாகச் சந்தோஷம். அதன் பிறகு உடம்பு சிக்கனத்துக்கு மாறிவிட்டது. மூன்று மணிக்குக் கண் சொக்குவதும் அந்தச் சிக்கனத்தில் ஒரு பகுதிதான்.

12 கி.மீ. மர்மமும் இதே கிளைகோஜன்தான். நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் தசைகளில் 300, 400 கிராம் வரையும் கல்லீரலில் 100 கிராம் வரையும் இருக்கும். கல்லீரலில் இருப்பதில் பெரும்பகுதி தூங்கும்போதே செலவாகிவிடும். நீங்கள் இரவில் சூப் குடித்துவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் ஒரு தேக்கரண்டித் தேனோடு கிளம்புகிறீர்கள். அரை டேங்க் பெட்ரோலோடு சென்னைக்குக் கிளம்பின மாதிரி. பயிற்சி போதவில்லை என்றோ மனவலிமை இல்லை என்றோ உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வயிற்றோடு 12 கி.மீ. போனதே பெரிய விஷயம்.

சரி, அரிசி. உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் ‘இரவு: சப்பாத்தி’ என்று அச்சடித்த ஒரே தாளை நீட்டிக்கொண்டிருந்தவள்தான் நானும். ஒரு பெரியவர் அடுத்த மாதம் வந்து, சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது என்றார். எத்தனை சப்பாத்தி என்று கேட்டேன். “தாள்ல எண்ணிக்கை போடலியே” என்றார். ஆறு! தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. தாளை மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நினைப்பையும் மாற்றிக்கொண்டேன்.

சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே பாருங்கள். இரண்டு சப்பாத்திக்கு 60 கிராம் கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், 60 கிராம் பச்சையரிசியை வடித்தாலும் கலோரி ஏறக்குறைய அதேதான், இரண்டிலும் 200-ஐ ஒட்டி வரும். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், புரதம் இரண்டு கிராம் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். சோற்றின் மேல் நமக்குள்ள பயமெல்லாம் உண்மையில் அதன் அளவைப் பற்றியது. தட்டில் மலையாகச் சோறு, அதன் தலையில் ஒரு கரண்டி சாம்பார், ஓரத்தில் பேருக்கு ஒரு பொரியல், எழுந்து போய் நாற்காலியில் உட்காருவது. சர்க்கரை வருவது அந்தச் சாப்பாட்டால்.

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் ஒரு பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர்களுக்குக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிரின் புரதம் வந்தவர்களிடம்தான் அபாயம் குறைவாகத் தெரிந்தது. நீங்கள் மாற்றியது தானியத்தை. கூட்டியிருக்க வேண்டியது பருப்பை.

அப்பாவுக்கு இருக்கிறது என்பதால் உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தத் தடவை ரத்தம் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துவிடுங்கள். முடிவு வரம்பைத் தாண்டியிருந்தால் நான் கீழே சொல்லும் அளவுகளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்புக்குள் இருந்தால் பயப்படாமல் சாப்பிடலாம். ஓடி முடித்த தசை, காய்ந்த மண் மழைநீரைக் குடிப்பது மாதிரி ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவரின் உடம்பில் ஒரு தட்டுச் சோறு போகிற வழி வேறு, உட்கார்ந்தே இருப்பவர் உடம்பில் போகிற வழி வேறு.

அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. உங்கள் வீட்டில் செய்யாமலா இருப்பார்கள்? அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மேலே ஒரு கரண்டி நெய். ஊட்டச்சத்து வகுப்பில் எங்களுக்குப் பாடமாகவே எடுப்பார்கள்: அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய, பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். கொங்கு நாட்டு அடுப்பில் அந்தப் பாடம் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தது. 60 கிராம் அரிசியும் 30 கிராம் பருப்பும் சேர்ந்தால் சுமார் 11 கிராம் புரதம், 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஒரு கப் தயிர், தட்டில் கால் பங்குக்குப் பச்சைப்பயறு போட்ட பொரியலோ கொள்ளுப் பருப்போ சேர்த்தால் புரதம் 20-ஐத் தாண்டும். மதியத்துக்கு இதைவிட நல்லதாக என்னால் எதையும் எழுதித்தர முடியாது.

அடுத்தது புரதம். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு ஐசிஎம்ஆர் சொல்வது கிலோ எடைக்கு 0.83 கிராம், உங்களுக்கு 48 வருகிறது. நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அது பத்தாது, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம். உங்கள் பட்டியலில் 35-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஓடாதவருக்கு வேண்டியதுகூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அக்கா மகன் சொல்வது பாதி சரி: புரதம் குறைவு என்பது உண்மை. டப்பாதான் வழி என்பதில்லை.

பக்கத்தில் நாமக்கல்லை வைத்துக்கொண்டு டப்பாவுக்கு ஏன் அலைய வேண்டும்? முட்டையை வீட்டில் சமைக்கத்தானே முடியாது. கம்பெனி கேன்டீனில் இரண்டு அவித்த முட்டை கிடைக்குமே? 11 மணி கிரீன் டீ போகிற இடத்தில் அது வரட்டும், 12 கிராம் ஆயிற்று. கேன்டீனில் இல்லையென்றால் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம், புரதம் 7 கிராமுக்கு மேல். சாயங்காலக் கொய்யாவோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இன்னொரு 7. இரவில் 75 கிராம் பனீரையோ ஒரு பிடி சோயா உருண்டைகளையோ குருமாவில் போடுங்கள். சோயா உருண்டையில் எடையில் பாதி புரதம்தான். அதன் வாடை பிடிக்காதவர்கள் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சமைத்தால் தெரியாது. படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் பால். இவ்வளவுக்கே 70-ஐத் தொட்டுவிடுவோம்.

இதெல்லாம் முடியாத நாட்களுக்கு, வெளியூர் போகும்போது, பவுடர் ஒரு ஸ்கூப் எடுத்துக்கொண்டால் பாவமில்லை. பால் திரிந்த நீரிலிருந்து எடுத்த புரதம்தான் அது, விஷமும் இல்லை அமிர்தமும் இல்லை. டப்பாவின் முன்பக்கத்துத் தசை வீரனைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம், சுருக்கமான பொருள் பட்டியல், உணவுப் பாதுகாப்பு உரிம எண், இவை இருந்தால் போதும். மூலிகைக் கலவை, கொழுப்பு எரிப்பான் என்றெல்லாம் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சத்துமாவைப் புரதம் என்று நினைத்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கஞ்சிதான், ஆனால் அதில் பெரும்பங்கு தானியம்.

முடி கொட்டுவதற்குப் புரதம் குறைந்தது ஒரு காரணம் என்றால், இரும்புச்சத்து இன்னொரு காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும் கொஞ்சம் போகும், பாதம் தரையில் மோதி மோதிச் சிவப்பணுக்கள் உடைவதிலும் கொஞ்சம் போகும். ஆகவே ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். கையிருப்பு தீர்ந்துபோன பிறகும் ஹீமோகுளோபின் கொஞ்ச காலம் சரியாகவே காட்டும். கூடவே தைராய்டு, பி12, வைட்டமின் டி. நீங்கள் சைவம் என்பதால் பி12 கட்டாயம்.

மதியம் சாப்பிட்ட கையோடு குடிக்கும் அந்த கிரீன் டீயை உடனே விடுங்கள். சாம்பாரிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை அதிலுள்ள டானின் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புக்குத் தராது. காபியும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் டீ, காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். அதற்கு எதிர்வேலை செய்வது வைட்டமின் சி. கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு துண்டு நெல்லிக்காய். சாயங்காலக் கொய்யாவை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டாலும் நல்லது. பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக அதில் இரும்பு கொட்டிக்கிடக்கவில்லை, நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதிலுள்ள நைட்ரேட் ஓட்டத்துக்கு உண்மையிலேயே கொஞ்சம் உதவும். பழைய நம்பிக்கை தப்பான காரணத்துக்காகச் சரியாகிப்போவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கும். ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் மாத்திரை தருவார், மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி ஓடும் நாட்களின் காலை. எலுமிச்சைத் தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது சாப்பாடு இல்லை. 8 கி.மீ. நாளில் கிளம்பும் முன் ஒரு பூவன் பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம். காபி பிடிக்கும் என்றால் அரை டம்ளர் அப்போதே குடிக்கலாம், ஓட்டத்துக்கு அது துணைதான். திரும்பி வந்ததும் ஓட்ஸ் கிண்ணத்துக்குப் பதிலாக நாலு இட்லி, கெட்டியான சாம்பார், பொட்டுக்கடலைச் சட்னி, ஒரு டம்ளர் பால். இட்லிப்பொடி எள் சேர்த்து அரைத்ததாக இருந்தால் எலும்புக்கும் ஆயிற்று. ஓட்ஸை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் 40 கிராமை 60 ஆக்கி, ஒரு வாழைப்பழமும் நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைச் சாப்பிடுவது பிடித்தா, நல்லது என்று யாரோ சொன்னதாலா என்பது எனக்குத் தெரியாது.

ஓட்டம் இல்லாத நாட்களில் சோற்றையோ இட்லியையோ கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பருப்பு, முட்டை, தயிரைக் குறைக்காதீர்கள்.

மாமியார் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்ட கூழில் ஓடி முடித்தவருக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது: தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, கம்பிலுள்ள கொஞ்சம் இரும்பு. ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல பானங்களைவிட இது மேல். நமக்குத்தான் பாட்டிலில் இல்லை என்று ஒரு குறை.

உப்பு என்றதும் பயப்படாதீர்கள், ரத்தக் கொதிப்பு இல்லாதவரை. ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம், சிலருக்கு அதற்கு மேலும், சோடியம் போகும். ஓடி முடித்ததும் கருப்பு பனியனில் வெள்ளைக் கோடு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர். ஒரு ஞாயிறு, ஓடும் முன்பும் ஓடிய பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதை அடுத்த சில மணி நேரத்தில் உப்பு போட்ட மோராகவோ ரசமாகவோ நீராகாரமாகவோ திருப்பிக் கொடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடித்தால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது தாகத்தைவிட ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலை சுற்றும், மோசமானால் உயிருக்கே ஆபத்தாகும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு நடுவிலும் சாப்பிட வேண்டும். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும், பழகப் பழகக் கூட்டலாம். ஜெல் பாக்கெட் வாங்கலாம், ஆனால் அச்சு வெல்லத்தில் 10 கிராம் துண்டு மூன்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாலும் அதே வேலைதான். நாற்பதாவது நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்த் தண்ணீர். கால் கனத்த பிறகு தின்றால் தாமதம். வெயிலில் வெல்லம் கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும், ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். எது ஒத்துக்கொள்கிறது என்பதை இப்போதைய ஞாயிறுகளிலேயே சோதித்துவிடுங்கள். டிசம்பரில் பந்தயத்தன்று யாரோ நீட்டுகிறார்கள் என்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

சாப்பாட்டை ஒரே நாளில் இரட்டிப்பாக்க வேண்டாம், வயிறு தாங்காது. முதல் வாரம் காலையும் மதியமும், அடுத்த வாரம் 11 மணி முட்டையும் சுண்டலும், மூன்றாவது வாரம் இரவு. எடை ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறும். முன்பு போன தண்ணீர் திரும்பி வருகிறது, பதறாதீர்கள். அந்த மூன்று வாரமும் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும்வரை ஞாயிறு தூரம் 12 கி.மீ.-ஐத் தாண்ட வேண்டாம். மருத்துவர் ஓட வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள், அடுத்த டிசம்பர் வரும்.

மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, நீண்ட ஓட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை இரவு சூப்பும் சாலட்டும் வேண்டாம். அரிசிம்பருப்பு, நெய், அப்பளம், ஒரு கப் தயிர். பருப்பை மட்டும் அன்றைக்குப் பாதியாகக் குறைத்து அரிசியைக் கூட்டச் சொல்லுங்கள், கீரையையும் சுண்டலையும் ஒதுக்கிவிடுங்கள். காலை ஐந்தரை மணிக்கு ரேஸ் கோர்ஸில் கழிவறை எந்தப் பக்கம் என்று தேடி ஓடினவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்.